58 சிசி: பாலக்கோட்டு விவசாயி ஒருவரின் பிராஸ்டேட்டும் இரண்டு முடிவுகளும்

தருமபுரியில் பொது மருத்துவம் பார்ப்பவன் நான், அறுவை செய்பவன் அல்ல. ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பி வீங்கி வருகிறவர்களை முதலில் பார்ப்பதும், ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியபின் மறுபடி பார்ப்பதும் என் வேலை. நடுவில் நடப்பது பெரும்பாலும் சேலத்திலோ பெங்களூரிலோ நடக்கும். ஆனால் அங்கே போவதா, மாத்திரையே போதுமா, போனால் எப்போது என்பது பல நேரம் என் மேசையில்தான் முடிவாகிறது. இது அப்படி ஒருவரின் ஒரு வருடத்துக்குச் சற்று மேற்பட்ட கதை. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது

வயது 68. பாலக்கோட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் தக்காளி, கொஞ்சம் மா. பத்து வருடமாகச் சர்க்கரை, ஆறு வருடமாக ரத்த அழுத்தம். மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. எங்கள் பக்கத்து முதியவர்கள் மாத்திரையை நிறுத்தாமல் போடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இந்தக் கதையில் அதற்கு ஒரு சின்னப் பங்கும் உண்டு, பின்னால் வருகிறது.

ஜூன் மாதம் மகனோடு வந்தார். மகன் ஸ்கேன் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தான்.

"கிரேடு டூன்னு போட்டிருக்காங்க சார். நைனாவுக்கு உடனே எடுத்துடணும்னு பக்கத்து வீட்டுக்காரரு சொல்றாரு. அவருக்கு எடுத்தாச்சு."

ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருப்பது கிரேடு. அது அளவை மட்டுமே சொல்கிறது. 58 சிசி. வாலிப வயதில் இந்தச் சுரப்பி சுமார் 20 சிசி இருக்கும், அதைப் பார்த்தால் இது மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பிராஸ்டேட் மெதுவடை மாதிரி. நடு ஓட்டை வழியாகச் சிறுநீர்க் குழாய் போகிறது. வடை எவ்வளவு பெரிது என்பதைவிட ஓட்டை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதுதான் விஷயம். 30 சிசியிலேயே சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூபோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், 100 சிசியை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் தேடியது ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த இரண்டு வரிகளை. ஒண்ணுக்குப் போன பிறகு சிறுநீர்ப் பையில் மிச்சம் நிற்பது 90 மில்லி. சிறுநீரகங்களில் வீக்கம் இல்லை. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.0, பிராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் ரத்தச் சோதனையான பிஎஸ்ஏ 3.1.

பின்வழியே விரல் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு மகனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சம்மதித்தார். கட்டைவிரலை உள்ளங்கையோடு இறுக்கிக்கொண்டு அதன் அடிச்சதையைத் தொட்டுப் பாருங்கள். சாதாரண வீக்கம் விரலுக்கு அப்படித்தான் படும், வழவழப்பாக, ரப்பர் போல. விரல் மூட்டு எலும்பு மாதிரி கெட்டியாக எங்காவது தட்டினால்தான் புற்றுநோய்ச் சந்தேகம். இவருக்கு முழுக்க ரப்பர்தான்.

அறிகுறிகளுக்கு உலகம் முழுக்க ஒரே கேள்வித்தாள். ஏழு கேள்வி, மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. இவருக்கு 17. தனியாக எட்டாவது கேள்வி ஒன்று உண்டு, எனக்கு அதுதான் முக்கியம்: மிச்சக் காலமும் இப்படியே போனால் எப்படி இருக்கும்?

"கஷ்டந்தான் டாக்டரு. பகல்ல கொல்லையில இருக்கேன், அங்க என்ன கவலை. ராத்திரிதான். நாலு தடவை, அஞ்சு தடவை எந்திரிக்கணும்."

சரி, ராத்திரியைக் கணக்கெடுப்போம் என்று மூன்று நாளுக்கு ஒரு அட்டை கொடுத்தேன். எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மில்லி. ஒன்பதாவது படிக்கும் பேத்தி கணக்கு எழுதினாள், அளக்கப் பழைய பிளாஸ்டிக் படி ஒன்று. அட்டை திரும்பி வந்தபோது ஒரு நாளைக்குச் சராசரியாக 2,100 மில்லி, அதில் இரவில் மட்டும் 900. இரவுப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினால் இரவில் சிறுநீர் அதிகமாக ஊறுகிறது என்று பொருள். அதற்குப் பிராஸ்டேட்டைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி களி உண்டபின் இரண்டு சொம்புத் தண்ணீர், எட்டு மணிக்கு ஒரு டீ. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. அம்லோடிபின் சிலருக்குக் காலில் நீர் கோக்க வைக்கும், படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்கும்.

அட்டையில் இன்னொன்றும் இருந்தது. இரவு இரண்டு மணி வரிக்குப் பக்கத்தில் மூன்று நாளும் 'மோட்டார்' என்று பேத்தி எழுதியிருந்தாள். மும்முனை மின்சாரம் வரும் நேரம். ஒண்ணுக்கு முட்டி எழுந்தாரா, மோட்டார் போட எழுந்ததால் ஒண்ணுக்குப் போனாரா என்று அவருக்கே தெரியவில்லை.

சிறுநீர் வேகம் அளக்கும் கருவியில் நொடிக்கு 9 மில்லி. 15க்கு மேல் இருந்தால் நல்லது, 10க்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கலாம். ஆகவே அடைப்பு இருக்கிறது. ஆனால் அவரை எழுப்புவதில் பாதிக்கு அது பொறுப்பல்ல.

முதல் முடிவு: மாத்திரை

உடனே அறுத்தே ஆக வேண்டிய காரணங்கள் சிலதான். டியூபை எடுத்தால் மறுபடி மறுபடி அடைத்துக்கொள்வது, அடைப்பால் சிறுநீரகம் கெடுவது, பையில் கல், திரும்பத் திரும்பக் கிருமித்தொற்று, மாத்திரைக்கு அடங்காத ரத்தப்போக்கு. இவருக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையைத் தள்ளிவைத்தோம்.

மாத்திரையில் இரண்டு வகை. டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், வடை ஓட்டையைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். சில நாளிலேயே பலன் தெரியும், ஆனால் சுரப்பி அப்படியே இருக்கும், வளரவும் செய்யும். இரண்டாவது டூட்டாஸ்டிரைடு அல்லது ஃபினாஸ்டிரைடு. ஆண் ஹார்மோனின் வீரியமான வடிவம் உருவாவதைத் தடுத்துச் சுரப்பியைச் சுமார் நான்கில் ஒரு பங்கு சுருக்கும். அதற்கு ஆறு மாதமாவது ஆகும், முதல் சில மாதம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும்.

சுரப்பி பெரிதாக இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2003இல் வெளியான எம்டாப்ஸ் ஆய்வில் 3,047 பேரைச் சராசரியாக நாலரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். அதில் தளர்த்தும் மாத்திரை டாக்சசோசின், சுருக்கும் மாத்திரை ஃபினாஸ்டிரைடு. இரண்டும் சேர்ந்தபோது நோய் முற்றும் வாய்ப்பு மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட 66 சதவீதம் குறைந்தது. டாக்சசோசின் தனியாக 39, ஃபினாஸ்டிரைடு தனியாக 34. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று: திடீர் அடைப்பையும் ஆபரேஷன் தேவையையும் நீண்ட காலத்தில் குறைத்தது சுருக்கும் மாத்திரைதான். தளர்த்தும் மாத்திரை தனியாக அதைச் செய்யவில்லை.

இரண்டையும் எழுதினேன். எழுந்ததும் தலை சுற்றலாம், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள், இருட்டில் வரப்பில் நடக்கிறவர் நீங்கள் என்றேன். கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ளப் போனால் டாம்சுலோசின் போடுவதைக் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும், கண்பாவையைச் சுற்றியுள்ள திரை தொளதொளத்து அவருக்குத் தொந்தரவாகும் என்றேன். டூட்டாஸ்டிரைடு பிஎஸ்ஏ அளவைச் சுமார் பாதியாக்கும், ஆறு மாதத்துக்குப் பிறகு வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதினேன். டீயையும் இரவுத் தண்ணீரையும் மாலை ஆறு மணிக்குள் முடிக்கச் சொன்னேன்.

அம்லோடிபினை அன்றே மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. அழுத்தம் கட்டுக்குள் இருந்தது, மாத்திரை வீட்டுக்கே இலவசமாக வருகிறது, அதை ஏன் கலைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஆறு வாரத்தில் மதிப்பெண் 17இலிருந்து 10. இரவில் மூன்று முறை. சந்தோஷமாகப் போனார்.

அடைத்த இரவு

நவம்பரில் தக்காளி விலை விழுந்தது. ஒரு மாத்திரையைக் குறைக்கலாம் என்று தோன்றியபோது அவர் நிறுத்தியது டூட்டாஸ்டிரைடை. "அது போட்டாலும் போடாட்டியும் ஒண்ணாத்தான் இருந்துச்சு" என்றார் பிறகு. நியாயமான வாதம். போட்டதும் தெரியும் மாத்திரையை வைத்துக்கொண்டார், தெரியாததை விட்டார். தெரியாமல் வேலை செய்வதுதான் அதன் வேலை என்று நான் அழுத்திச் சொன்னதாக நினைவில்லை. தலைசுற்றலைப் பற்றி அவ்வளவு பேசினேன், இதைப் பேசவில்லை.

தை பிறந்ததும் கடும் சளி. மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டார். மறுநாள் ஓசூரில் கல்யாணம், பஸ்ஸில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் போனால் ஒரு சொட்டு வரவில்லை. இரவு பதினொரு மணிக்கு அடிவயிறு பானை மாதிரி. ஓர் அரசு மருத்துவமனையில் டியூப் போட்டு 900 மில்லி எடுத்தார்கள்.

சளி மாத்திரை அட்டையைப் பேத்தி பத்திரமாக வைத்திருந்தாள். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின். முன்னது பைத் தசையைச் சோம்பலாக்கும், பின்னது வாசலை இறுக்கும். இரண்டையும் ஒரே மாத்திரையில் வைத்து, பிராஸ்டேட் இருக்கிறதா என்று கேட்காமலே விற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் நான் பார்க்கும் அடைப்புகளில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு மாத்திரை அட்டை இருக்கும்.

டாம்சுலோசினைத் தொடர்ந்து கொடுத்து நான்காம் நாள் டியூபை எடுத்தோம். தானாகவே போனார். மகனுக்கு நிம்மதி. எனக்குப் பாதிதான், மிச்சம் 240 மில்லி நின்றது. டூட்டாஸ்டிரைடை மறுபடி தொடங்கினோம். பிப்ரவரியில் காய்ச்சலோடு கிருமித்தொற்று, ஏப்ரலில் மறுபடி. இரண்டாவது முறை எடுத்த ஸ்கேனில் பைச் சுவர் தடித்துக் கயிறு கயிறாக இருந்தது. உள்ளே 8 மில்லிமீட்டர் கல். சுரப்பி 64 சிசி, அதன் நடு மடல் பையின் வாசலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜூனில் இல்லாத காரணங்களில் இரண்டு இப்போது கைக்கு வந்துவிட்டன.

முதுகு

சேலத்துக்கு அனுப்பும் முன் ஒரு விஷயம் உறுத்தியது. அவர் கழுத்தைத் திருப்பமாட்டார், கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். குனிந்து செருப்பு மாட்ட முடியாது. பல்லில் பழுப்புக் கோடுகள். தருமபுரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், ஃப்ளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டிய கிணற்றையும் போரையும் குடித்து வளர்ந்த தலைமுறை இவருடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது, அதற்குள் இவர் எலும்பு இறுகிவிட்டது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருந்தது.

இதனால் என்ன என்று கேட்கலாம். எலும்பு ஃப்ளோரோசிஸ் முற்றினால் முதுகுத்தண்டை நெரிக்கும். நெரித்தால் கால் விறைக்கும், சிறுநீர்ப் பையின் கட்டுப்பாடும் போகும். பத்து வருடச் சர்க்கரையும் பையின் நரம்பை மழுங்கடிக்கும். பை சுருங்க மறுப்பதால் சிறுநீர் நிற்கிறது என்றால் வாசலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் பயனில்லை. ஆபரேஷனும் ஆகி, டியூபும் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் இந்த வகை. கால்களின் அனிச்சைகள் சரியாக இருந்தன, எம்ஆர்ஐயில் முதுகுத்தண்டு நெரிபடவில்லை. இருந்தாலும் சேலத்துச் சிறுநீரக அறுவை நிபுணர் ஒரு படி மேலே போய் யூரோடைனமிக்ஸ் செய்தார்.

மெல்லிய குழாய் ஒன்று பைக்குள், ஒன்று ஆசனவாயில். பையை நிரப்பிப் போகச் சொல்லி அழுத்தத்தையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் அளப்பார்கள். இவருக்கு உச்ச வேகம் 6, அந்த நொடியில் பைத் தசையின் அழுத்தம் 78. வேகத்தின் இரண்டு மடங்கை அழுத்தத்திலிருந்து கழித்தால் 66. நாற்பதைத் தாண்டினால் அடைப்பு உறுதி. வேகத்தின் ஐந்து மடங்கை அழுத்தத்தோடு கூட்டினால் 108. நூறைத் தாண்டினால் தசைக்கு இன்னும் பலம் இருக்கிறது. பை முழு பலத்தோடு சாத்திய கதவை முட்டிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வருடம் முட்டவிட்டிருந்தால் அந்த 108 எங்கே நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை, செலவும் கூச்சமும் அதிகம். சர்க்கரையும் இறுகிய முதுகும் சேர்ந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு நான் அதைக் கேட்டு வாங்குவேன்.

இரண்டாவது முடிவு: எந்த ஆபரேஷன்

மகன் பெங்களூரு லேசரைக் கேட்டான். ஹோல்மியம் லேசரால் சுளை உரிப்பதுபோல் உள்சதையை முழுதாக உரித்து எடுப்பது. எவ்வளவு பெரிய சுரப்பிக்கும் சரிப்படும், ரத்தப்போக்கு குறைவு, சதை மறுபடி வளர்வதும் அரிது. 120 சிசியாக இருந்தாலோ ரத்தம் உறையாத மாத்திரைகளில் இருந்தாலோ நானே பெங்களூருக்குப் போகச் சொல்லியிருப்பேன். ஆனால் 30 முதல் 80 சிசி வரை பழைய டியுஆர்பியே போதும், சிறுநீர்ப் பாதை வழியே மின்சாரக் கம்பியால் சுரண்டி எடுப்பது. முன்பு கிளைசின் திரவத்தில் செய்வார்கள். அது ரத்தத்தில் கலந்து சோடியம் இறங்கும் ஆபத்து உண்டு. இப்போது பைபோலார் கருவி, உப்புநீரிலேயே செய்கிறார்கள், அந்தப் பயம் கிட்டத்தட்ட போய்விட்டது. வயிற்றைத் திறந்து எடுக்கும் பழைய முறை மிகப் பெரிய சுரப்பிகளுக்கு இன்னும் உண்டு, இவருக்குப் பேச்சே எழவில்லை. கிளிப் போடுவது, நீராவி செலுத்துவது, ரத்தக் குழாயை அடைப்பது போன்றவை விந்து வெளியேறுவதைப் பெரும்பாலும் காப்பாற்றித் தரும். ஆனால் உள்ளே கல், எட்டிப் பார்க்கும் நடு மடல், திரும்பத் திரும்பத் தொற்று என்று வந்தவருக்கு அடைப்பை முழுதாக நீக்குவதுதான் நல்லது. காப்பீட்டு அட்டை செல்லும் இடம், வீட்டிலிருந்து போய்வரும் தூரம் இரண்டையும் வைத்து டியுஆர்பி, கல்லையும் அதே மயக்கத்தில் உடைப்பது, சேலத்தில் என்று முடிவானது.

சேலத்தில் நிபுணர் எல்லாவற்றையும் மகன் முன்னிலையில் விளக்கினார். விந்து வெளியே வராமல் பைக்குள் பின்வாங்கும், பத்தில் ஆறேழு பேருக்கு நடக்கும் என்றார். "இந்த வயசுல அதெல்லாம் பிரச்சினையில்ல சார், போடுங்க" என்று மகன் கையெழுத்துக்குப் பேனா எடுத்தான். பெரியவர் ஒன்றும் பேசவில்லையாம்.

மூன்றாம் நாள் தனியாக என்னிடம் வந்தார். கடைசி டோக்கன்.

"பையன் முன்னாடி கேக்க முடியல டாக்டரு. ஆம்பளைத்தனம் போயிடுமா?"

எழுச்சிக்கான நரம்புகள் சுரப்பியின் ஓட்டுக்கு வெளியே ஓடுகின்றன, சுரண்டுவது உள்ளே, அது பெரும்பாலும் அப்படியே இருக்கும் என்றேன். உணர்ச்சியும் இருக்கும், வெளியே ஒன்றும் வராது, மறுநாள் சிறுநீர் கலங்கலாகப் போகும், அதனால் கெடுதல் இல்லை என்றேன். டூட்டாஸ்டிரைடாலும் சிலருக்கு ஆசை குறையும் என்பதை அப்போதுதான் சொன்னேன். அவர் சிரித்தார். "அதான் நவம்பர்ல நிறுத்தினேன்" என்றார். தக்காளி விலை பாதிக் காரணம்தான். இதை ஜூனிலேயே நான் கேட்டிருந்தால் மாத்திரையை மாற்றிப் பார்த்திருக்கலாம். கேட்காமல் விட்டதற்கு அவர் வயதைத் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை, மகனும் அதைத்தான் சொன்னான்.

மே மாதம் ஆபரேஷன். முதுகில் ஊசி போட மயக்க மருத்துவர் நடுக்கோட்டில் இரண்டு முறை முயன்றார், எலும்பாகிவிட்ட தசைநாரில் ஊசி இறங்கவில்லை. பக்கவாட்டிலிருந்து சாய்த்து மூன்றாம் முறை கிடைத்தது. எக்ஸ்ரேயை முன்பே அனுப்பியிருந்ததால் அவர் தயாராக இருந்தார். இடுப்பு முழுதாக விரியாததால் கால்களைத் தூக்கிக் கட்டுவதையும் பார்த்துப் பார்த்துச் செய்தார்களாம். இரண்டாம் நாள் டியூப் வெளியே. எடுத்த சதையின் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை.

பிறகு

பதினோராம் நாள் தக்காளி கிரேட்டுகளைத் தூக்கி மொபெட்டில் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். மறுநாள் ரத்தமாகப் போகிறது என்று மகன் போனில் கத்தினான். பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் உள்ளே புண்ணின் பொருக்கு உதிரும், அப்போது கனம் தூக்கினால் இப்படி ஆகும். கட்டி வரவில்லை, அடைக்கவில்லை. நிறையத் தண்ணீர், படுக்கை, மலச்சிக்கலுக்கு மருந்து. இரண்டு நாளில் தெளிந்தது. ஆறு வாரம் கனம் தூக்காதீர்கள் என்று சொல்வதை யாரும் கேட்பதில்லை, அறுவடை நேரத்தில் கேட்கவும் முடியாது. கொல்லை வேலை ஓயும் மாதமாகப் பார்த்து நாள் குறித்திருக்கலாம் என்பது எனக்குப் பிந்தித் தோன்றிய யோசனை.

ஆகஸ்டில் வேகம் நொடிக்கு 19, மிச்சம் 30 மில்லி, மதிப்பெண் 6. பிராஸ்டேட் மாத்திரைகள் இரண்டும் நின்றன. அம்லோடிபினை மாற்றி டெல்மிசார்டான் கொடுத்தேன், கணுக்கால் வற்றியது. பிஎஸ்ஏ 0.9. சுரண்டியது உள்பகுதியை மட்டும்தான், வெளி ஓடு அங்கேயே இருக்கிறது, புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் அதில்தான் வரும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

மறுபடி மூன்று நாள் அட்டை கேட்டேன். பேத்தி இப்போது பத்தாவது. இரவில் இரண்டு முறை. ஒன்று விடியற்காலை ஐந்து மணி. இன்னொன்று இரண்டு மணி, பக்கத்தில் பென்சிலில் 'மோட்டார்'.